எழுத்துக்கான ஊக்கத்தை எங்கே தேடுவது?

கேள்வி: நான் ஐந்து ஆண்டுகளாக வரைகலை வடிவமைப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். எந்த வேலை வந்தாலும் முதலில் இணையத்தில் உள்ள படத் தொகுப்புகளைப் பார்த்து, பிடித்த சுவரொட்டிகளையும் நூல் அட்டைகளையும் சேமித்துக்கொள்வது என் வழக்கம். இப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. இருந்தும், வேலை செய்ய உட்கார்ந்தால் பழகிய மூன்று நான்கு எழுத்துருக்களிடமே கை போய் நிற்கிறது. அண்மையில் பழைய கடிகாரங்களின் கண்காட்சி ஒன்றுக்குச் சுவரொட்டி செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. என் வரைவைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர், "நன்றாக இருக்கிறது, ஆனால் இதை அப்படியே ஒரு மரச்சாமான் கண்காட்சிக்கும் வைத்துக்கொள்ளலாமே" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. டைப்போகிராஃபிக்கான, அதாவது எழுத்துருக்களைத் தேர்ந்து அமைக்கும் கலைக்கான, ஊக்கத்தை உண்மையில் எங்கே தேடுவது? பழைய எழுத்துகளைப் பார்த்துச் செய்தால் அது நகலெடுப்பதாகிவிடாதா? இதற்காகக் காலிகிராஃபி எனும் கையால் அழகுற எழுதும் கலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ஒருங்கிணைப்பாளரின் சொல் உங்களை வருத்தியிருப்பது புரிகிறது. ஆனாலும் அவர் சொன்னதை இன்னொரு முறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். சுவரொட்டி அழகாக இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதில் உள்ள எழுத்துகளுக்கும் கடிகாரத்துக்கும் உறவில்லை என்பதையே சொல்லியிருக்கிறார். எழுத்துகளை ஒழுங்காக அடுக்கவும், இடைவெளி விடவும், பக்கத்தைச் சமன்படுத்தவும் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பது உங்கள் கடிதத்திலிருந்தே விளங்குகிறது. அந்த எழுத்து ஏன் அந்த உருவத்தில் இருக்க வேண்டும் என்பதற்கான காரணம் மட்டும் வரைவில் இல்லை. அந்தக் காரணம் கிடைத்த இடத்தில் ஊக்கமும் கிடைத்துவிடுகிறது என்பது இத்தனை ஆண்டுப் பணியில் நான் கண்டது.

நாலாயிரம் படங்கள் உங்களுக்கு உதவாமல் போனதும் இதனால்தான். ஒரு சுவரொட்டியின் படத்தைச் சேமிக்கும்போது, வேறொருவர் வேறொரு தேவைக்காக எட்டிய முடிவை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அவருக்கு என்ன சொற்கள் தரப்பட்டன, எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கப்பட வேண்டியிருந்தது, எந்தக் காகிதத்தில் எத்தனை நிறங்களில் அச்சிட வேண்டியிருந்தது, எதையெல்லாம் முயன்று கைவிட்டார் என்பவை எதுவும் அந்தப் படத்தோடு வருவதில்லை. காரணம் உதிர்ந்து உருவம் மட்டும் எஞ்சிய நாலாயிரம் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் கண், அவற்றுக்குப் பொதுவாக உள்ள ஒரு சராசரித் தோற்றத்தைப் பழகிக்கொள்கிறது. கை அந்தச் சராசரியைத்தான் திரும்பச் செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் தொலைபேசிப் புத்தகங்களுக்காக மேத்யூ கார்ட்டர் 'பெல் சென்டென்னியல்' என்ற எழுத்துருவை உருவாக்கினார். மிகச் சிறிய அளவில், மலிவான மெல்லிய காகிதத்தில், அதிவேக இயந்திரங்களில் அச்சாக வேண்டிய எழுத்து அது. அப்படிப்பட்ட காகிதத்தில் மை பரவும். இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைகளில் தேங்கி, எழுத்தின் உள்வெளியை அடைத்துவிடும். ஓர் எண் இன்னோர் எண்ணாகத் தெரிந்தால் அழைப்பு தவறான வீட்டுக்குப் போய்விடும். எனவே கார்ட்டர், கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஆழமான வெட்டுகளை விட்டு எழுத்துகளை வரைந்தார். அச்சில் மை வந்து அந்த வெட்டுகளை நிரப்ப, எழுத்து தெளிவாக நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் அவை பல்லால் கடித்த குறிகளைப் போல விசித்திரமாகத் தெரியும். அந்த விசித்திரத்தை விரும்பி, பிற்காலத்தில் பலர் அதைப் பெரிய தலைப்புகளில் அலங்காரமாகப் பயன்படுத்தினார்கள். உங்கள் தொகுப்பில் அத்தகைய தலைப்பு ஒன்று இருந்தால், உங்களுக்குத் தெரிவது அழகான ஒரு வெட்டு மட்டுமே. மை, காகிதம், வேகம், தவறாகப் படிக்கப்படும் எண் என்ற முழுக் கதையும் தெரிந்தவருக்கோ, அதே எழுத்திலிருந்து வேறொரு எண்ணம் பிறக்கிறது: என் வேலையில் எழுத்தைச் சிதைக்கப்போவது எது, அதற்கு இப்போதே எப்படி இடம் விடுவது?

எழுத்தின் உருவத்தில் அதை உண்டாக்கிய கருவியும் பொருளும் தங்கிவிடுகின்றன. உரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் அடிப்பீடத்தில் உள்ள கல்வெட்டு, இன்றுவரை இலத்தீன் வரிவடிவத்தின் பெரிய எழுத்துகளுக்கு (கேப்பிட்டல்) முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அந்த எழுத்துகளின் நுனிகளில் உள்ள செரிஃப் எனப்படும் சிறு முடிப்புகள் உளியால் வந்தவை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. விளம்பரப் பலகை எழுதும் தொழிலை அறிந்தவரும் பாதிரியாருமான எட்வர்ட் காடிச், தட்டையான தூரிகையைத் தம் கையால் பிடித்து எழுதிப் பார்த்து, அந்த முடிப்புகள் கல்லில் முதலில் எழுதப்பட்ட தூரிகை எழுத்திலிருந்தே வந்தவை என்று 1968-இல் வாதிட்டார். அந்தக் கல்வெட்டைப் பார்த்தவர்கள் பல்லாயிரம் பேர் இருந்திருப்பார்கள். தூரிகையைத் திருப்பும் மணிக்கட்டைப் பற்றிக் கேட்டவருக்கே அது விடை தந்தது.

எட்வர்ட் ஜான்ஸ்டன் இதற்கு இன்னொரு சான்று. 1916-இல் இலண்டன் சுரங்க ரயிலுக்காக அவர் வரைந்த எழுத்துகள் செரிஃப் இல்லாதவை. ஏறக்குறைய ஒரே தடிமன் கொண்ட கோடுகளால் ஆனவை. ஆனால் அவர் பழைய கையெழுத்துச் சுவடிகளைப் பயின்று தட்டை முனைப் பேனாவால் எழுதப் பழகியவர். அதனால் ஆங்கிலச் சிறிய எழுத்தான 'ஐ'-யின் தலைமேல் உள்ள புள்ளியை அவர் வட்டமாக இடவில்லை. தட்டை முனைப் பேனாவைச் சாய்த்து ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரமாகவே இட்டார். இரும்பும் மின்சாரமுமாக இருந்த ஒரு போக்குவரத்துக்கு அவர் கொடுத்த எழுத்தில், சுவடி எழுதியவரின் பேனா முனை ஒரு புள்ளியில் உயிரோடு இருக்கிறது. ஊக்கம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று யாரேனும் கேட்டால் நான் அந்தப் புள்ளியைத்தான் காட்டுவேன்.

பழையதைப் பார்த்துச் செய்தால் நகலெடுப்பதாகாதா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி நேர்மையானது. 1888 நவம்பரில் இலண்டனில் அச்சுக்கலை வல்லுநர் எமரி வாக்கர் தம் கலையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பழைய அச்சு நூல்களின் எழுத்துகளைக் கண்ணாடிப் படங்களாக எடுத்து, விளக்கொளியில் திரைமீது பெரிதாக்கிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ், விரல்நுனி அளவில் மட்டுமே அதுவரை கண்ட எழுத்துகளைத் திரையளவில் கண்டபோது, தாமே ஓர் எழுத்துருவைச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். வெனிஸ் நகரில் 1470-களில் நிக்கோலா ஜென்சன் அச்சிட்ட நூலின் பக்கங்களை ஒளிப்படமாகப் பெரிதாக்கச் செய்தார். அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் வரைந்து பழகினார். அதன் சாரம் கைவந்த பிறகே தம் சொந்த எழுத்தை வரையத் தொடங்கினார். அப்படிப் பிறந்த 'கோல்டன்' எழுத்துரு ஜென்சனின் எழுத்தைவிடக் கனமானது, கறுத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது தெரியும். ஒன்றை மற்றொன்றாக யாரும் மயங்க மாட்டார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசை. பெரிதாக்கிப் பார்த்தல், மேலே வைத்து வரைதல், பிறகு நினைவிலிருந்து தனியே வரைதல் என மூன்று படிகள் உள்ளன. முதல் இரண்டோடு நின்றால் அது நகல். மூன்றாவதுக்கு வரும்போது, உங்கள் கை எதை மறந்தது, எதை மிகைப்படுத்தியது என்பதில் உங்கள் தேர்வு தெரியத் தொடங்கும். கணினித் திரையில் ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் போலவே அமைப்பவர்களுக்கு இந்த மூன்றாம் படி வாய்ப்பதே இல்லை. ஒரு டிரேசிங் காகிதமும் பென்சிலும் போதும், நாளைக்கே தொடங்கலாம். எழுத்துருக் கோப்புகளைப் பொறுத்தவரை உரிமத்தைப் படித்துப் பயன்படுத்துங்கள், இன்று வாழும் ஒருவரின் எழுத்தைச் சிறிது மாற்றி உங்களுடையது என்று கொடுக்காதீர்கள். இதற்குமேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இனி, எங்கே தேடுவது? வடிவமைப்பாளர்கள் செய்யாத எழுத்துகளிடம் முதலில் போங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. டோபியாஸ் ஃப்ரேர்-ஜோன்ஸ் 2000-ஆம் ஆண்டில் 'கோதம்' எழுத்துருவை வரைந்தபோது அவருக்கு மூலமாக இருந்தவை நியூயார்க்கின் பழைய கட்டடங்களின் மேலிருந்த எழுத்துகள். குறிப்பாக, போர்ட் அத்தாரிட்டி பேருந்து நிலையத்தின் முகப்பில் இருந்தவை. மன்ஹாட்டன் தெருக்களில் நடந்து அவற்றைப் படமெடுத்துச் சேர்த்தார். எழுத்துருக் கலைஞர்களுடைய மரபிலிருந்து வராமல், அளவுகோலும் வட்டமானியும் பிடித்த பொறியாளர்களின் கையிலிருந்து வந்தவை போன்ற எழுத்துகள் அவை. அந்த வெளிப்படையான நேர்மைதான் கோதமுக்குள் வந்தது. நீங்களும் படமெடுத்துத்தானே சேமிக்கிறீர்கள் என்று தோன்றலாம். அவர் எழுத்தின் எதிரே போய் நின்றார். அதன் உயரத்தையும் உலோகத்தையும் நிழலையும் அது எந்தத் தொலைவிலிருந்து படிக்கப்பட வேண்டியது என்பதையும் உடலால் அறிந்தார். உள்ளங்கை அளவுத் திரையில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவாகிவிடுகின்றன. அந்த இழப்பு சிறியதன்று.

இயந்திரங்களின் பெயர்த்தகடுகள், கல்லறைக் கற்கள், நிலவரைபடங்கள், கணக்கேடுகள், பயணச்சீட்டுகள், மருந்துச் சீசாக்களின் மேலுள்ள முகப்புச்சீட்டுகள், அகராதிகள் ஆகியவற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். அகராதியைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய அகராதி ஒன்றின் ஒரு பக்கத்தை ஒருமுறை எட்டு மடங்கு பெரிதாக்கி அச்செடுத்து, அதே நூலின் தலைப்புப் பக்க எழுத்தின் அருகில் வைத்தேன். இரண்டும் ஒரே எழுத்து, அளவுதான் வேறு என்று அதுவரை எண்ணியிருந்தேன். உள்ளே இருந்த சிற்றெழுத்தோ அகலமாகவும், உள்வெளி திறந்தும், கோடுகள் தடித்தும், எழுத்துகளுக்கிடையே அதிக இடத்தோடும் இருந்தது. ஈயத்தில் வார்க்கப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே எஃகில் எழுத்தைச் செதுக்கினார்கள் என்பதையும், செதுக்கியவர்கள் கண்ணின் தேவைக்கேற்ப ஒவ்வோர் அளவிலும் உருவத்தை மாற்றினார்கள் என்பதையும் நான் நூல்களில் படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான். அன்று முதல் ஒரே எழுத்துருவைச் சுருக்கியும் பெருக்கியும் எல்லா இடத்திலும் வைக்க என் மனம் இடம் கொடுப்பதில்லை.

மூலங்களைத் தேடி எல்லோராலும் பயணம் செய்ய இயலாது. செல்ல வாய்த்தவர்களுக்கு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலுள்ள பிளான்டின்-மொரெட்டஸ் அருங்காட்சியகம் ஒரு பெரும் பேறு. பழமையான அச்சு இயந்திரங்களும் பதினாறாம் நூற்றாண்டின் எழுத்து வார்ப்புக் கருவிகளும் ஓர் அச்சகத்தின் வீட்டுக்குள்ளேயே பாதுகாக்கப்பட்டுள்ளன. மற்றவர்களுக்கு, சான்பிரான்சிஸ்கோவில் உள்ள எழுத்துக்கலைக் காப்பகமான லெட்டர்ஃபார்ம் ஆர்கைவ் தன் சேகரிப்பின் ஒரு பகுதியை 2020 முதல் இணையத்தில் எவரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறது. மிக நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கும் தெளிவில் படங்கள் உள்ளன. படத் தொகுப்புகளில் செலவிடும் நேரத்தில் பாதியை அங்கே ஒரே ஒரு பக்கத்தின்மேல் செலவிடுங்கள்.

உங்கள் நாலாயிரம் படங்களை அழித்துவிடச் சொல்ல மாட்டேன். அவற்றிலிருந்து நாற்பதை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் கையால் சில வரிகள் எழுதுங்கள்: இது எதனால் எழுதப்பட்டது, எதன்மேல் எழுதப்பட்டது, யார் எந்த நிலையில் படித்தார்கள், இதில் எந்த ஓர் எழுத்து மற்றவற்றைவிட என்னை ஈர்த்தது. விடை தெரியாதவற்றுக்குத் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள். தேடியும் கிடைக்காத படத்தை நீக்கிவிடுங்கள். அது உங்களுக்குத் தோற்றத்தைத் தவிர வேறெதுவும் தரப்போவதில்லை.

நீங்கள் தமிழில் எழுதியிருப்பதால், தமிழ் எழுத்தோடும் வேலை செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊக்கம் தேடும் தமிழ் வடிவமைப்பாளர்கள் பலர் இலத்தீன் எழுத்தின் மாதிரிகளை மட்டும் பார்த்துவிட்டு, அவற்றின் உடலைத் தமிழுக்கு மாட்ட முயல்கிறார்கள். எழுத்தின் நுனிகளில் பொருத்தமில்லாத செரிஃப்களும், கட்டாயமாக நேராக்கப்பட்ட வளைவுகளும் அப்படித்தான் வருகின்றன. ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்ட சுவடிகளைப் பாருங்கள். கோடு முழுவதும் ஒரே தடிமனில் ஓடுகிறது. சில இடங்களில் கை எடுக்காமலே ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போகிறது. புள்ளி பெரும்பாலும் இடப்படுவதே இல்லை. அச்சில் நிலைபெற்ற அந்தப் புள்ளியை இன்று நாம் யோசிக்காமல் ஒரு வட்டமாக வைத்துவிடுகிறோம். அதன் அளவு என்ன, எழுத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, வட்டமா, சாய்சதுரமா, சிறு கோடா என்பவை ஒவ்வொன்றும் ஒரு முடிவு. ஜான்ஸ்டனின் புள்ளியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 'டி', 'மீ' போன்றவற்றின் மேல்வளைவும் 'கு', 'மூ' போன்றவற்றின் கீழிறக்கமும் அடுத்தடுத்த வரிகளில் மோதும் இடங்களைச் சிக்கல் என்று தவிர்க்காமல், தலைப்பின் உருவத்தையே அந்த மோதலிலிருந்து கட்டிப் பாருங்கள். இதற்கான முன்மாதிரி எந்தப் படத் தொகுப்பிலும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. கற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் கலைஞராவதற்காக அன்று. தட்டை முனைப் பேனாவை ஒரே சாய்வில் பிடித்தால் கோட்டின் திசையைப் பொறுத்துத் தடிமன் மாறும். கூர் முனைப் பேனாவில் அழுத்தத்தைப் பொறுத்து மாறும். இந்த இரண்டு வேறுபாடுகளை இரண்டு மாதம் கையால் உணர்ந்தவருக்கு, எழுத்துருப் பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கான பெயர்கள் தாமாகவே குடும்பங்களாகப் பிரிந்து தெரியும். தேர்வு செய்யும் சுமை அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

இப்போது உங்கள் சுவரொட்டி. கணினியைத் திறப்பதற்கு முன், காட்சிக்கு வரப்போகும் கடிகாரங்களை நேரில் பார்க்க ஒருங்கிணைப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். பித்தளை முகப்புகளில் எண்களை உளிமுனையால் பொறித்துக் கறுப்பு மெழுகால் நிரப்பியிருப்பார்கள். வெள்ளைப் பீங்கான் பூச்சு முகப்புகளில் தூரிகையால் எழுதிச் சூளையில் சுட்டிருப்பார்கள். இரண்டிலும் கோட்டின் ஓரம் எப்படி வேறுபடுகிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உரோம எண்களைக் கொண்ட முகப்புகளில் நான்கைக் குறிக்கப் பெரும்பாலும் நான்கு கோடுகளே இருக்கும். எண்களின் அடிப்பகுதி மையத்தை நோக்கியிருப்பதால் ஆறு தலைகீழாக நிற்கும். அப்படியிருந்தும் அது ஒருவரையும் குழப்புவதில்லை, ஏனெனில் கடிகாரத்தில் நாம் எண்ணைப் படிப்பதைவிட இடத்தையே படிக்கிறோம். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944-இல் சுவிஸ் ரயில் நிலையங்களுக்குச் செய்த கடிகாரத்தில் எண்களே இல்லை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். உருவாக்கியவரின் பெயர் முகப்பில் எங்கே, எந்த வளைவில், எந்தக் கையெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். கடிகார எண்களை அப்படியே சுவரொட்டியில் ஒட்டுவது எவருக்கும் முதலில் தோன்றுவது. அதைத் தவிர்த்துவிட்டு, அவற்றின் பின்னே உள்ள காரணத்தைக் கண்காட்சியின் பெயரில் உள்ள சொற்களுக்குக் கொடுங்கள். மெழுகு நிரம்பிய கோட்டின் தடிப்பும் மெலிவும் உங்களைக் கவர்ந்தால், செப்புத்தகட்டுப் பொறிப்போடு உறவுள்ள பொதோனி, டிடோ வகை எழுத்துகளிலிருந்து தொடங்கலாம். எழுத்தின் இடமே பொருளாகும் எண்ணம் கவர்ந்தால், தலைப்பின் எழுத்துகள் மையத்தை நோக்கித் திரும்பி நிற்கும்போது எந்தச் சொல் தலைகீழானாலும் படிக்க முடிகிறது, எது முடியவில்லை என்று காகிதத்தை வெட்டி அடுக்கிச் சோதியுங்கள். தலைப்பில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் கையால் குறைந்தது பத்து முறையாவது எழுதிப் பார்க்கும் வரை எழுத்துருப் பட்டியலைத் திறக்க வேண்டாம்.

அடுத்த முறை ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்கும்போது முடிந்த சுவரொட்டியைக் கொண்டுபோகாமல், பென்சிலால் எழுதிய மூன்று தலைப்புகளையும், ஒவ்வொன்றும் எந்தக் கடிகாரத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள். அந்தக் கடிகாரங்களோடு நாள்தோறும் பழகுபவர் அவர். நீங்கள் பார்க்காமல் விட்ட முகப்பு ஒன்றை அவரே எடுத்துக் காட்டவும் கூடும்.